வலது காதுக்கு மேலே

விழுப்புரம்
12 ஆகஸ்டு 1943

சேசு மரி சூசை

பிரியமுள்ள சவுரியம்மாள் அக்காவுக்குத் தங்கை ஜெயம் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எனக்கு இப்போது ஜுரம் இல்லை. தண்ணீர் எடுக்கிறேன், சமைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பத்து நாளாக முடி கொட்டுகிறது. சீப்பை வைத்தால் சீப்பு நிறைய வருகிறது. பாயில் கிடக்கிறது, சோற்றில் கிடக்கிறது. நேற்று தலைக்கு ஊற்றிக்கொண்டபோது சாக்கடையே அடைத்துக்கொண்டது. வலி கிடையாது. தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

நீங்கள் ஆயா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு வரி எழுதவும். கார்டில் வேறு எழுத இடம் இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

ஜெயம்


திண்டிவனம்
19 ஆகஸ்டு 1943

என் தங்கம் ஜெயத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம். என் முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் கார்டைப் படித்ததும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். “இதுக்கு முன்னாடி அவளுக்கு ஜுரம் வந்துச்சா?” என்று கேட்டார். மே மாசம் விஷ ஜுரம், பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை என்றேன். “அப்போ கொட்ட வேண்டிய நேரத்துலதான் கொட்டுது” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கடுமையான ஜுரம் வந்தால் உடம்பு உயிரைக் காப்பாற்றத்தான் பார்க்குமாம், முடியைக் கவனிக்காதாம். முடி வளர்வதை நிறுத்திக்கொள்ளும். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாசம் தலையிலேயே இருந்துவிட்டு, அப்புறம் மொத்தமாக விழும். அதற்குள் ஜுரத்தையே எல்லாரும் மறந்திருப்பார்கள், அதனால்தான் காரணம் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்றார். பிள்ளை பெற்றவளுக்கும் இப்படித்தான் கொட்டுமாம். வேர் சாகவில்லை, திரும்ப வரும். வெங்காயம் வேண்டாம். இறுக்கிக் கொண்டை போடாதே.

பிள்ளையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அதுவே நல்லது, பங்குச் சாமியாரும் அதைத்தான் சொன்னார். ஒரே ஜுரம் உங்கள் இரண்டு பேரையும் பிடித்தது. ஆண்டவர் குழந்தையை எடுத்துக்கொண்டு உன்னை விட்டுவைத்தார். அதையே பேசிக்கொண்டிருந்தால் மனசு ஆறாது. உனக்கு இன்னும் வயசு இருக்கிறது. பிறக்கும்.

உன் வீட்டுக்காரர் தேவசகாயத்தைக் கேட்டதாகச் சொல்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
28 செப்டம்பர் 1943

அக்காவுக்கு ஜெயம் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு வருத்தப்படாதீர்கள். கவர் வாங்கித்தான் எழுத வேண்டியிருந்தது. கார்டென்றால் தபால்காரர் தெரு முழுக்கப் படித்துக்கொண்டே வருகிறார்.

முடி பாதிக்கு மேல் போய்விட்டது. உச்சந்தலையில் தோல் தெரிகிறது. முந்தானையைப் போட்டுக்கொண்டுதான் குழாயடிக்குப் போகிறேன். கிளியம்மாள் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “தப்பா நெனைச்சிக்காத ஜெயம். இது பட்டாளத்துக்காரன் வந்து போற ஸ்டேஷன். ஆம்பளைங்க எங்கனா போயி வாங்கிக்கினு வந்து பொண்டாட்டிக்குக் குடுத்துடறானுங்க. அந்த நோய் வந்தாலும் முடி கொட்டுமாமே” என்றாள். அன்றிலிருந்து குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைப்பதில்லை.

போன வாரம் திருவாமாத்தூரிலிருந்து மாமியார் வந்திருந்தார். என் தலையைப் பார்த்துவிட்டு, இவர் ரயில்வே எஞ்சின் ஷெட்டிலிருந்து வந்ததும் எனக்குக் கேட்கும்படியே இவரிடம் பேசினார்.

“ஊரு பேசுறது உன் காதுல விழுதா இல்லியா? கொஞ்ச நாளு அவ அக்கா வூட்டுல போயி இருக்கட்டும். முடி வளந்தா வரட்டும்.”

“வளரலன்னா?”

“அப்ப பாத்துக்கலாம்.”

இவர் கரி படிந்த கையைக் கழுவிவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனார். மாமியார் மூட்டையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். இவர் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை அக்கா.

கடை அரிசி புழு வாடை அடிக்கிறது. கேப்பைக் கூழ்தான் பெரும்பாலும். எனக்கு அதுவும் இறங்குவதில்லை.

ஜெயம்


திண்டிவனம்
6 அக்டோபர் 1943

ஜெயத்துக்கு அக்கா எழுதுவது. கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும்.

கிளியம்மாள் சொன்னதை டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்த நோயிலும் முடி கொட்டுவது உண்மைதானாம். ஆனால் அதில் அங்கங்கே பூச்சி அரித்த துணி மாதிரிப் போகுமாம், உள்ளங்கையில் உள்ளங்காலில் செம்பு நிறத்தில் தடிப்பு வருமாம். “அவளுக்கு இருக்கா?” என்றார். மே மாசம் உன்னைத் துடைத்துவிட்டவள் நான்தானே. இல்லை என்றேன். “தலை முழுக்க ஒரே மாதிரி கொட்டுதுன்னா அது ஜுரத்தோட வேலை. குழாயடியில இருக்கறவங்களுக்கு அதை யாராவது சொல்லுங்க” என்றார்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதனாலேயே முடி போகும். ரத்தம் இல்லாத உடம்பு முடியை வளர்க்காது. இந்த வருஷம் இங்கே வருகிற பெண்களில் நிறையப் பேருக்கு அரிசி இல்லாமலேயே முடி மெலிந்து கிடக்கிறது. பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து சிங்காரம் மாமா விழுப்புரம் சந்தைக்கு வருகிறார். அவரிடம் மல்லாட்டையும் காய்ந்த முருங்கைக் கீரையும் கொடுத்தனுப்புகிறேன். ஒரு கை மல்லாட்டையை ஓட்டோடு வேகவைத்து, கடலையை உரித்துத் தினமும் தின்னு. எனக்காகத் தின்னு.

உன் மாமியார் மறுபடி வந்தால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. அவர் உன்னை அனுப்பினால் நீ வருவதற்கு என் வீட்டில் இடம் இருக்கிறது. ஆனால் துரத்திவிடப்பட்டவளாக நீ வரக்கூடாது.

சவுரியம்மாள்


விழுப்புரம்
14 டிசம்பர் 1943

அக்காவுக்கு ஜெயம் எழுதுவது. நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டு மாசமாக நான் எழுதாததற்கு நீங்கள் மூன்று கார்டு போட்டுவிட்டீர்கள். மன்னிக்க வேண்டும். மல்லாட்டை வந்தது, தின்றேன்.

டாக்டரம்மா சொன்னதுதான் நடந்தது. முடி கொட்டுவது நவம்பரில் நின்றுவிட்டது. தலை முழுக்கக் குச்சி குச்சியாகப் புது முடி வந்திருக்கிறது. மாமியார் வந்து தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாப் போச்சு, இனிமே ஒரு கொறையும் இல்ல” என்று கற்பூரம் கொளுத்துகிறவர் மாதிரிக் கையெடுத்துக் கும்பிட்டார். கிளியம்மாளும் எல்லாம் சரியாகிவிட்டதென்றாள். கோவிலில் சாமியாரும் அதையே சொன்னார்.

வலது பக்கம் காதுக்கு மேலே மட்டும் வரவில்லை. உள்ளங்கை அகலம் இருக்கும். மற்ற இடத்தில் வந்தது அங்கே வரவில்லை. பெரிதாகிக்கொண்டும் போகிறது.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வர வேண்டாம். ரயிலில் பட்டாளத்துக் கூட்டம். நானும் சுகமாகத்தான் இருக்கிறேன்.

ஜெயம்


திண்டிவனம்
21 டிசம்பர் 1943

ஜெயத்துக்கு அக்காவின் அன்பு. பாலன் பிறக்கிற நாளில் உன் வீட்டில் சமாதானம் இருக்கட்டும்.

வர வேண்டாம் என்று நீ எழுதியது எனக்குச் சங்கடமாக இருந்தது. சரி, உன் இஷ்டம்.

ஒரு பக்கம் மட்டும் முடி இல்லை என்றதும் டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். ஜுரம் ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்காது என்றார். அந்த இடம் காசு மாதிரி வட்டமாக, வழவழவென்று இருந்தால் அது பூச்சிவெட்டு. அது தானாக வரும், பெரும்பாலும் தானாகவே போகும், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. செதில் செதிலாக உதிர்ந்து அரித்தால் படர்தாமரை. சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் வருவது அது. இரண்டும் இல்லாமல், நெட்டையும் குட்டையுமாக முடி இருந்தால் வேறு. “வேறன்னா என்னங்கம்மா?” என்றேன். “பாக்காம சொல்லக்கூடாது. அங்கேயிருந்து வர்ற முடியை ஒரு காகிதத்துல மடிச்சு அனுப்பச் சொல்லு” என்றார்.

தட்டாமல் அனுப்பு. நேரில் வந்தால் இன்னும் நல்லது.

சவுரியம்மாள்


விழுப்புரம்
22 ஜனவரி 1944

அக்காவுக்கு,

கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன். வட்டமாக இல்லை. அரிப்பும் இல்லை. நெட்டையும் குட்டையுமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஜெயம்


திண்டிவனம்
30 ஜனவரி 1944

தேவசகாயத்துக்குச் சவுரியம்மாள் எழுதுவது. சுகம் விசாரித்து எழுத எனக்கு இன்று மனசு வரவில்லை.

உன் பெண்சாதி அனுப்பிய முடியை டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ஜுரத்தில் தானாக விழுகிற முடியின் அடியில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாகக் காய்ந்த முனை இருக்குமாம். இதில் பாதிக்கு வேரே இல்லை, நடுவில் அறுந்தவை. மீதிக்கு வேர் ஈரத்தோடு, சதையோடு வந்திருக்கிறது. “இது கொட்டுன முடி இல்ல சவுரி, பிடுங்குன முடி” என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், “அவ புருஷன் எப்படிப்பட்டவன்?” என்று கேட்டார். 

ஒரு பெண்ணின் முடியை வலது பக்கமாகப் பிடித்து இழுப்பது யார்? கிறிஸ்துமஸுக்கு என்னை வர வேண்டாம் என்று அவள் எழுதியது யாருக்குப் பயந்து? அம்மா செத்தபோது அவளுக்கு மூன்று வயசு. நான் கூலி வேலைக்குப் போய் அவளை வளர்த்தேன். களத்துமேட்டில் ஆண்டை பெண்சாதி அவளைத் தலையில் குட்டியதற்கே நான் அந்தக் களத்துக்கு அப்புறம் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளை அடிக்க உனக்கு எப்படிக் கை வந்தது?

அவளை இந்த வாரமே ரயிலேற்றி அனுப்பு. இல்லையென்றால் நான் நம் சாமியாரையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
6 பிப்ரவரி 1944

மரியாதைக்குரிய சவுரியம்மாள் அக்காவுக்குத் தேவசகாயம் கும்பிட்டு எழுதுவது. நான் மூன்றாவது வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை பொறுக்கவும்.

கடிதம் வந்தது. ஜெயத்திடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதியதற்கு என்னால் பதில் எழுத முடியாது. ரயில்வே லைன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அவளை அனுப்பமாட்டேன். எங்கேயும் அனுப்பமாட்டேன். அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

ஷெட்டில் கேட்டு ராத்திரி டூட்டி வாங்கியிருக்கிறேன். ராத்திரி அவள் தூங்கிவிடுகிறாள். பகலில்தான் கூட ஆள் வேண்டும்.

நீங்கள் வாருங்கள். சாமியார் வேண்டாம், பெரியவர்கள் வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள்.

தேவசகாயம்


திண்டிவனம்
20 பிப்ரவரி 1944

ஜெயத்துக்கும் தேவசகாயத்துக்கும் அக்கா எழுதுவது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், முழங்கால் வலி தெரியவில்லை. வழியெல்லாம் உங்கள் வீட்டு வாசலில் நான் நின்ற நேரமே கண்ணில் இருந்தது. நடுப்பகல். கதவு சாத்தியிருந்தது, தள்ளினேன். ஜெயம், நீ சுவரோரம் தலையை மூடாமல் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் அவர், காதில் கரி கூடப் போகாமல், வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். உன் வலது மணிக்கட்டில் ஒரு துண்டு கட்டியிருந்தது. அதன் இன்னொரு முனை அவர் கையில் கட்டியிருந்தது.

“அடப்பாவி, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்கியே!” என்று நான் கத்தியது லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் எழுந்து முடிச்சை அவிழ்க்கப் போனார். நீ அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டாய்.

“அவுக்காதீங்க. நான்தான்க்கா கட்டச் சொன்னேன். கை தலைக்குப் போறது எனக்கே தெரியறது இல்ல. பிடுங்குன அப்புறம்தான் தெரியுது. தூங்கிக்கினு இருந்தாலும் என் கை ஏறுனா அவருக்கு இழுக்கணும்னு கட்டுனது.”

கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் சொன்னதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். “வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லிடுவாங்க. எங்கனா கூட்டிக்கினு போயி வேப்பிலை அடிக்கச் சொல்லுவாங்க. பொண்டாட்டிய அடிக்கிறவன்னு சொன்னா எனக்கு அதுல ஒண்ணும் பேஜாரு இல்லீங்க்கா.”

தேவசகாயம், அப்படி ஒரு கடிதம் எழுதிய கையால்தான் இதையும் எழுதுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள்.

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “நானும் அவசரப்பட்டுட்டேன்” என்றார். இதுவும் முடி போவதற்கு ஒரு காரணம்தானாம். தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர்களை அவர் முன்பே பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு, கல்யாணமான பெண்கள் உண்டு. பைத்தியம் இல்லை, பேயும் இல்லை என்றார். வேர் கெடாத வரைக்கும், கை நின்றால் முடி வரும். கை எப்போது நிற்கும் என்று கேட்டேன். “அதுக்கு என்கிட்ட எண்ணெயும் இல்ல, மருந்தும் இல்ல சவுரி” என்றார். அப்புறம், “அந்தக் குழந்தை பேரு என்ன?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன், பேர் வரவில்லை. மறந்து போகவில்லை ஜெயம். மே மாசத்திலிருந்து ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பேசக்கூடாது என்று நாங்கள்தான் உன் வாயை அடைத்தோம்.

சின்னதுரை. இப்போது எழுதிவிட்டேன்.

நான் அவனை ஞானஸ்நானத்தன்று பார்த்தேன், அப்புறம் ஜுரத்தில் பார்த்தேன். நடுவில் இருந்ததெல்லாம் எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி எனக்கு எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

சவுரியம்மாள்


விழுப்புரம்
19 மார்ச் 1944

என் அக்காவுக்கு ஜெயம் எழுதுவது. நான் சுகம் என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன், எழுத வரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சூசையப்பர் திருநாள் இன்று. அவர் டூட்டிக்குப் போயிருக்கிறார். இந்தக் கடிதத்தை ஐந்தாறு தடவை ஆரம்பித்து வைத்துவிட்டேன்.

அவனுக்குக் கோவிலில் வைத்த பேர் சூசைராஜ். சின்னதுரை என்று ஆரம்பித்தது அவர்தான். இடுப்பில் தூக்கினால் ஷெட் மேஸ்திரியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, வேண்டியதைக் கையை நீட்டிக் காட்டுவான். கொடுக்காவிட்டால் அழமாட்டான், முறைப்பான். கேப்பைக் கூழைத் துப்பிவிடுவான். சர்க்கரை போட்டால் மட்டும் விழுங்குவான். கீழே இரண்டு பல். எஞ்சின் ஊதினால் எங்கே இருந்தாலும் தலையைத் திருப்புவான். அப்பா வருகிறார் என்று நான் சொல்லிச் சொல்லி, எந்த எஞ்சின் ஊதினாலும் அவனுக்கு அப்பாதான்.

பால் குடிக்கிறபோது கை சும்மா இருக்காது அக்கா. வலது காதுக்கு மேலே என் முடியைப் பிடித்துக்கொள்வான். தூங்கிப்போனாலும் விடமாட்டான். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். வலிக்கும். சில நாள் அவனை அதட்டியிருக்கிறேன்.

ஜுரத்தில் நான் கண் விழித்தபோது கூரையில் தூளி இல்லை. பிள்ளை எங்கே என்று கேட்டேன். நீங்கள் “கஞ்சி குடி” என்றீர்கள். அப்போதே தெரிந்துவிட்டது. அப்புறம் நான் கேட்கவில்லை. அவன் பேச்சு வந்தாலே எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செத்த பிள்ளையைப் பார்க்காதவளுக்கு அழுகை எப்படி வரும்? அவன் எங்கேயோ இன்னொரு வீட்டில் தூங்குகிற மாதிரியே இருந்தது.

முடி கொட்ட ஆரம்பித்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டார்கள். என்னிடமிருந்து ஏதோ போய்விட்டது என்று ஊருக்கே தெரிந்தது. நவம்பரில் நின்றது. எல்லாம் சரியாப் போச்சு என்றார்கள். எனக்கு ஒன்றும் சரியாகப் போகவில்லை அக்கா. தானாகக் கையோடு வந்த முடி கொட்டாமல் நின்றதும் கை தேட ஆரம்பித்தது. பிடுங்குகிறபோது வலிக்கும். அந்த வலி எனக்குத் தெரிந்த வலியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பினார். நான் பின்னாலேயே போனேன். வேலியோரமாக ஒரு இடத்தைக் காட்டினார். மண் உள்ளே இறங்கியிருந்தது. சிலுவை கிடையாது.

“யாரு தோண்டுனது?” என்று கேட்டேன்.

“நான்தான்.”

“என்ன சட்டை போட்டிருந்தான்?”

 “சட்டை போடல. என் புது வேட்டியில சுத்தி வெச்சேன். மொகத்த மட்டும் மூடாம வெச்சிருந்தேன், நீ எழுந்து வந்தா காட்டலாம்னு. சாயங்காலம் வரைக்கும் வெச்சிக்கினு உக்காந்திருந்தேன் ஜெயம். நீ எழுந்துக்கல” என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் கையாலேயே மண்ணை அள்ளி அந்தப் பள்ளத்தை மேடாக்கிவிட்டு வந்தோம்.

ஜெயம்


விழுப்புரம்
3 செப்டம்பர் 1944

அன்புள்ள அக்காவுக்கு ஜெயமும் அவரும் சொல்லிக்கொள்வது. இங்கே நல்ல மழை. கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் காலுக்கு வேப்பெண்ணெய் தடவுகிறீர்களா?

கேட்டிருந்தீர்கள், அதனால் உள்ளதை எழுதுகிறேன். கை முழுக்க நிற்கவில்லை. ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு மாசம் நன்றாக இருந்தது. அவன் போன அந்த நாள் மே மாசத்தில் வந்தபோது மறுபடி பிடுங்கிவிட்டேன். மூன்று நாளில் அந்த இடம் பழையபடி வெறுமையாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை, “மறுபடி வளரும் வுடு” என்றார். இப்போது அங்கே ஒரு விரல் அகல உயரத்துக்கு முடி வளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் முடி கொஞ்சம் சுருளாக வருகிறது. துண்டு கட்டுவதில்லை. அவர் பகல் டூட்டிக்கு மாறிவிட்டார். கை துறுதுறுவென்று வரும் நாளில் நான் மல்லாட்டைக் கிடங்குக்குப் போய் உடைத்துவிட்டு வருகிறேன், கூலியும் வருகிறது. மாமியாரிடம் அவரே எல்லாம் சொன்னார். முதலில் நம்பவில்லை. அப்புறம் திட்டவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. ஊருக்குப் போய், கல்லறைக்கு வைக்க ஒரு மரச் சிலுவை செய்யும்படி தச்சனிடம் சொல்லியிருக்கிறாராம். அது இன்னும் வரவில்லை.

கிளியம்மாள் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி அவர்கள் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு மரக்காணத்துப் பக்கத்திலிருந்து அம்மணி என்று ஒருத்தி வந்திருக்கிறாள். மூன்று மாசக் கைக்குழந்தை. நேற்று சாயங்காலம் தலையைப் பின்னிக்கொண்டிருந்தவள் சீப்போடு என்னிடம் ஓடிவந்தாள். சீப்பு நிறைய முடி.

“அக்கா, இதப் பாருங்களேன். மொட்டை ஆயிடுவனா? ஊருல யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு எங்க ஆத்தா சொல்லுது.”

“யாரும் வெக்கல. பிள்ளை பெத்தா இப்படித்தான் கொட்டும். நாலஞ்சு மாசத்துல திரும்ப வரும். நல்லா சாப்பிடு, இறுக்கிக் கட்டாத. தலையில வட்டமா இருக்கா? இல்ல. அரிக்குதா? இல்ல. அப்ப பயப்படாத.”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“எங்க அக்கா டாக்டரம்மாகிட்ட கேட்டு எழுதுனாங்க.”

அவள் மூச்சை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம், எல்லாரும் கேட்கிற மாதிரித்தான், “உங்களுக்குப் பிள்ளைங்க இல்லீங்களா?” என்றாள். இவ்வளவு நாளும் யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

“ஒரு பையன். பேரு சின்னதுரை. போன வருஷம் விஷ ஜுரத்துல பூட்டான்” என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. “எத்தன மாசம்?” என்றாள். பத்து என்றேன். “யாரு ஜாடை?” என்றாள். மூக்கு அவரை மாதிரி, நெற்றி எங்கள் அக்காவை மாதிரி என்றேன். அதிலிருந்து ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுப்பில் வைத்த சோறு நினைவே இல்லை, அடிப்பிடித்துவிட்டது. அவர் வந்ததும் அதைத்தான் போட்டேன். ஏன் தீய்ந்தது என்று கேட்டார், சொன்னேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

ஜெயம்